உன் பாகத்தை அழிக்க அனுமதி கோரி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நம் பழைய கம்ப்யூட்டர் நீங்கலாக வீட்டில் உள்ள அனைத்தும் ஒழுங்காக இயங்குகின்றன. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் நீ போன் செய்திருப்பாய். நல்ல செய்திக்கு நீ போன் செய்யும் வழக்கமில்லை.

இதையும் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இது அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். அனுமதியை வாயால் கேட்டு வாயால் வாங்கிக்கொண்டு மாடி எழுப்பியவர்கள் எங்கள் நகராட்சி அலுவலகத்து வராந்தாவில் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை, கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறவன் என்ற முறையில், அன்றாடம் பார்க்கிறேன். ஆகவே எழுத்தில் கேட்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், நம் இருவருக்கும் பொதுவான அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தை நிறுவ முயன்றேன். ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் கட்டத்தில் அது ஒவ்வொரு முறையும் பாதியில் விழுந்துவிடுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். காரணம் நீ. இதைச் சரிசெய்ய டிஸ்க்கில் உள்ள உன் பாகத்தை அழிக்க வேண்டும். அதற்கு உன் சம்மதம் வேண்டும். மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் உன் அண்ணி சொல்லிவைத்திருக்கும் பழைய சாமான் வாங்குபவர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்போது உன் பாகமும் போகும், என் பாகமும் போகும். விவரம் கீழே.

நாம் இருவரும் படித்த அந்தப் பின்னறையை நீ மறந்திருக்க மாட்டாய். ஜன்னலோரம் அதே மேஜை, மேஜைமேல் அதே மானிட்டர். சிறிய திரையும் பெருத்த பின்பக்கமுமாகச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது. கீபோர்டில் நீ அதிகம் தட்டிய எழுத்துகள் இன்னமும் அழிந்தே இருக்கின்றன. அது இத்தனை காலம் யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் இருந்தது. உன் அண்ணிக்குப் பள்ளியில் இந்த வருடம் ஒரு வகுப்பு கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். விடைத்தாள் திருத்த மேஜை வேண்டும் என்றாள். சமையலறை மேஜையில் திருத்தலாமே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "இங்க பாருங்க, ஒண்ணு அது ஓடணும், இல்லைன்னா அது போகணும். ரெண்டும் இல்லாம சும்மா உக்காந்திருக்கிற எதுக்கும் இனிமே இந்த வீட்டுல இடமில்லை" என்றாள். அவள் கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே விடுமுறையன்று காலையில், கடைத்தெரு முனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் போனேன். தெருவில் எல்லோரும் அவரை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்ன கோளாறு சொன்னாலும் முதலில் அவர் சொல்வது அதுதான். அவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனபோதும் அவர் அதையே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பழைய பெட்டி என்று கேட்டதும், "சார், அதுக்கெல்லாம் ஒரு குட்டி லினக்ஸ் இருக்கு. கிழவனுக்கும் பையன் வேகம் வந்துரும்" என்று ஒரு குறுந்தட்டைக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, குளித்து, மேஜையைத் துடைத்து, குறுந்தட்டைப் போட்டேன். மொழி கேட்டது, சொன்னேன். ஊர் நேரம் கேட்டது, சொன்னேன். உரிம நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டது; நான் படித்தேன். முழுவதும் படித்தேன். உலகத்திலேயே அதைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று உன் அண்ணி சொன்னாள்; இருக்கட்டும், படிக்காமல் படித்தேன் என்று எப்படி ஒப்புக்கொள்வது. அதன்பின் 'டிஸ்க் ஆராயப்படுகிறது' என்றது. ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது, பாதி வழியில் நின்றது, அப்புறம் திரையில் இருந்த ஜன்னல் மொத்தமும் காணாமல் போய்விட்டது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. வந்த விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்ப எங்கள் அலுவலகத்திலேயே அனுமதி கிடையாது.

ரீஸ்டார்ட்டுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதைச் செய்தேன். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. "அப்ப தட்டுல கீறல் இருக்கும் சார். பென் டிரைவ்ல ஏத்திப் போடுங்க" என்றார். இங்கேதான், தங்கையே, எனக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்தது. மேஜை இழுப்பறையில் ஒரு நீலப் பென் டிரைவ் இருந்தது. அதை ரீஸ்டார்ட் கடைக்கு எடுத்துப்போய்ச் செருகியதும், லினக்ஸை ஏற்றும் மென்பொருள், 'இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா' என்று கேட்டது. பெயரில்லாத பென் டிரைவ். வீட்டுப் பொதுச் சொத்து என்று முடிவு செய்து சம்மதம் என்றேன். அதில் உன் அண்ணி மூன்று வகுப்புகளுக்கும் தயாரித்து வைத்திருந்த புவியியல் வினாத்தாள்கள் இருந்தன. மலைகள், ஆறுகள், பருவக்காற்று எல்லாம் போய்விட்டன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பென் டிரைவிலிருந்து ஓட்டியபோதும் லினக்ஸ் அதே இடத்தில், அதே பச்சைக் கோட்டில், கொஞ்சமும் மாறாமல் விழுந்தது. அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. நீயும் சொல்லாதே.

ரீஸ்டார்ட் நேரிலேயே வந்தார். சட்டைப்பையில் நான்கு ஸ்க்ரூடிரைவர். பெட்டியைக் கழற்றினார், ஊதினார், மூடினார். இரண்டு நினைவகத் துண்டுகளை இடம் மாற்றிச் செருகினார். கேபிளை மாற்றினார். எல்லாவற்றுக்கும் பிறகு அது முன்பைவிடச் சீக்கிரமாக விழுந்தது. "சார், நீங்க மனசு வைங்க. மொத்த டிஸ்க்கையும் அழிச்சுட்டு போடலாம். ஒரு பட்டன்தான்" என்றார். அதில் என் தங்கையின் பாகம் இருக்கிறது என்றேன். "அவங்க எங்க இருக்காங்க?" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். வெளியூரில் என்றேன். "அப்ப அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். இந்தக் கேள்வியை வரைபடத்தோடு வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் கேட்காத வாரம் இல்லை. அவர்களுக்குச் சொல்லும் 'எனக்குத் தெரியுமே' என்ற பதிலையே இவருக்கும் சொன்னேன்; அவர் ஸ்க்ரூடிரைவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நான் என் வழிக்கு வந்தேன். நிறுவுவதை விட்டுவிட்டு, அந்தக் குட்டி லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, டிஸ்க்கில் ஒவ்வொரு பாகமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டேன். எண்களாகக் கொட்டியது. அவற்றை வரைபடத் தாளில், அளவுப்படி, மனை வரைபடம் போலப் போட்டேன். போடப் போட எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த வரைபடத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை வரைந்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று, அட்டைப்பெட்டியின் தெர்மோகோல் துணுக்குகள் அறை முழுவதும் பறக்க, நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து டிஸ்க்கைப் பிரித்தோம். முதலில் இயங்குதளத்துக்கு ஒரு சிறிய பாகம். அதைக் கூடம் என்றேன். அடுத்தது உன்னுடையது, கடைசியில் என்னுடையது. முன்பக்கம் எனக்குத்தான் வேண்டும் என்று நீ பிடித்த பிடியில் விட்டுக்கொடுத்தேன். நான் அப்போது வேலையில் சேர்ந்து சில மாதம்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விடாமல் ஒரு வரைபடத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது என்பது ரத்தத்தில் ஏறியிருந்த காலம். அதனால் உன் பாகத்துக்கும் என் பாகத்துக்கும் நடுவில் டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டேன். "எதுக்குண்ணா இது?" என்றாய். "காத்தோட்டத்துக்கு" என்றேன். நீ கம்ப்யூட்டரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "அம்மா, இவனுக்கு முத்திப்போச்சு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாய். அம்மா அங்கிருந்தே, "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கினது. அதுக்குள்ளயும் கோடு கிழிச்சாச்சா?" என்றாள்.

இப்போது வரைந்து முடித்துப் பார்த்தால், அந்த இடைவெளி இல்லை. உன் பாகத்தின் கடைசி எல்லை இடைவெளியைத் தாண்டி, என் எல்லையையும் தாண்டி, என் இடத்துக்குள் ஓர் அறை அளவுக்கு வந்து நிற்கிறது. ஒரே இடம் இரண்டு பேர் பெயரில் பதிவாகியிருக்கிறது. லினக்ஸ் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்திருக்கிறது. ஒரு கட்டடத்தின்மேல் இன்னொரு கட்டடம் நிற்பதாகக் காட்டும் வரைபடத்தை எந்த ஒழுங்கான அதிகாரியும் தொட மாட்டான் என்பதால் எனக்கு முதன்முறையாக அதன்மேல் மரியாதை வந்தது. வரைபடத்தை ரீஸ்டார்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஓ, தங்கச்சி அண்ணன் மேல காலைப் போட்டுட்டுத் தூங்குறாங்க" என்றார். பாயில் உனக்கும் எனக்கும் நடுவில் அம்மா தலையணை வைத்ததெல்லாம் அவருக்கு யார் சொன்னது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன்.

நீ எப்போது இதைச் செய்தாய் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வானொலியில் செய்தி வாசிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு வைக்கிறார்கள் என்று நீ பித்துப் பிடித்து அலைந்தாயே, அந்த மாதமாகத்தான் இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கை ஒரு டம்ளரில் நிறுத்தி, அன்றைய செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பதிவு செய்துகொண்டே இருப்பாய். ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடித்தது. சுருக்கிச் சேமித்து வை என்று எத்தனை தடவை சொன்னேன். "சுருக்கினா என் குரல் நசுங்கிடும்ணா" என்பாய். சாதாரண நாளில் கிறீச்சென்று இருக்கும் உன் குரல் அந்தக் கதவுக்குப் பின்னால் மட்டும் எங்கிருந்தோ ஒரு கனத்தை இரவல் வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டு அமைச்சர் ஒருவர் வந்து இறங்கியதை நீ வாசித்தால், தெருவில் போய்ப் பார்க்கலாம் போலிருக்கும். அதன் நடுவில் அம்மா கதவைத் திறந்து, "யாருக்குடி வாசிக்கிற? சாப்பிட்டுட்டு வந்து வாசி, ஆறிப்போகுது" என்பாள். நீ மறுபடியும் தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பிப்பாய். இந்த முறை நான் கதவைத் தட்டி, உன் நேரம் முடிந்தது, இனி என் முறை என்பேன். மறுபடியும் தலைப்புச் செய்தி. கெட்டுப்போன ஒன்றைக்கூட நீ அழிக்க மாட்டாய். ஒரு நாள் அப்பா உள்ளே வந்து, மைக் இருந்த டம்ளரில் தண்ணீர் குடிக்கப் பார்த்ததும் அப்படியே பதிவாகியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். இடம் போதாமல் ஒரு கட்டத்தில், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த அந்தக் குறுந்தட்டிலிருந்த ஏதோ ஒரு கருவியை வைத்து எல்லையை நீட்டியிருக்கிறாய். இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால்கூட நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அளக்காமல் நீட்டினாய், உனக்கு எதையும் அளந்து பழக்கமில்லை.

அந்த மாதம்தான் என் பாகம் திறக்காமல் போனது. அதில் என் துறைத் தேர்வுக் குறிப்புகள் இருந்தன. அவை போகட்டும், எழுதித் தேறிவிட்டேன். ஊரார் வீட்டு வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து, எனக்கென்று ஒரு வீட்டை நானே அறை அறையாக வரைந்து வைத்திருந்தேன். அதை உனக்குக்கூடக் காட்டியதில்லை. தாழ்வான மின் அழுத்தத்தால்தான் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, மின்சார அலுவலகத்துக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். அவர்கள் ஆளனுப்பி நம் வீட்டுக் கம்பத்தையே மாற்றி நட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் புகாரைத் திரும்பப் பெற இப்போது ஒரு வழியும் இல்லை. என் பாகத்தில் நீ ஏறாத பகுதி இன்னும் பழுதில்லாமல்தான் இருக்கிறதென்றும், தனி மென்பொருள் வைத்துத் தோண்டினால் என் வரைபடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறதென்றும் ரீஸ்டார்ட் சொல்கிறார்.

இனி விதிக்கு வருகிறேன். ஆக்கிரமிப்பு என்று வந்துவிட்டால் நடைமுறை ஒன்றுதான்: ஆக்கிரமித்தவருக்குத் தெரிவிப்பது, அவர் சம்மதத்தோடு கட்டுமானத்தை அகற்றுவது. உன் எல்லையை மட்டும் பின்னுக்குத் தள்ளலாமா என்று பார்த்தேன். முடியாது, நீட்டிய இடத்தில் உன் பதிவுகள் குடியேறிவிட்டன, வேலியை நகர்த்தினால் செய்திகள் பாதியில் அறுபடும். எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டு அழிக்கலாமே என்றாள் உன் அண்ணி. எடுப்பதென்றால் உள்ளே போக வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடும்போது உன் பாகம் திரையில் ஒரு சின்னப் பெட்டியாக வந்து நிற்கிறது. அதற்கு நீ அன்று வைத்த பெயர் 'தொடாதே'. இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிடும். நான் மவுஸைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை. உன் அண்ணி பின்னாலிருந்து, "என் பென் டிரைவை அழிக்கறப்ப இந்தக் கை தயங்கலியே" என்றாள். ஆனால் ஒருவர் பாகத்தை இன்னொருவர் அவர் அறியாமல் திறப்பதில்லை என்று டிஸ்க்கைப் பிரித்த அன்று நாம் பேசிக்கொண்டது பேசிக்கொண்டதுதான். அதை நீ காப்பாற்றினாய் என்றே இப்போதும் நினைக்கிறேன். நீ என் பாகத்தைத் திறக்கவில்லை, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாய், அவ்வளவுதான்.

ஆகவே கேட்டுக்கொள்வது: மேற்படி டிஸ்க்கில் 'தொடாதே' என்ற பெயரில் உள்ள உன் பாகத்தை, அதிலுள்ள செய்தி வாசிப்புகள் அனைத்தும் உட்பட, முழுவதுமாக அழித்துக்கொள்ள எனக்குச் சம்மதம் தந்து, உன் கையெழுத்தோடு மாதக் கடைசிக்குள் கிடைக்கும்படி எழுதி அனுப்பவும். அந்தத் தேர்வில் உன்னை எடுக்கவில்லை என்பதும், நீ மருந்துக் கடை வைத்து நன்றாக இருக்கிறாய் என்பதும், அந்தப் பதிவுகளை நீ இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதும் உன் முடிவை எளிதாக்கும் என்று நம்புகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்பதை நீ செய்தி வாசிப்பதுபோல வாசிப்பதாகவும், வாங்கி முடித்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவதாகவும் மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், அவர்கள் கம்ப்யூட்டரில் எதையும் படிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்ற என் வேண்டுகோளையும் சொல்லவும். உனக்கும் உன் வீட்டுக்கும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உன் அண்ணி இதை வாங்கிப் படித்தாள், பிழை திருத்தத்தான் படிக்கிறாள் என்று நினைத்தேன். பென் டிரைவ் வரியில் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். படித்து முடித்து, "ஏங்க, ரெண்டுல ஒண்ணு போனாப் போதும்தானே? அவங்களோடதைத்தான் அழிக்கணுமா? உங்களோடதை அழிச்சா ஓடாதா?" என்றாள். நான்தான் ஆக்கிரமிக்கப்பட்டவன் என்று விளக்கினேன். "இருக்கட்டுமே" என்றாள். இத்தனை வருடச் சேவையில் இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் விதிப் புத்தகத்தில் பதில் எழுதி வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இன்று காலை என் பாகத்தை அழித்தேன். லினக்ஸ் பச்சைக் கோட்டைக் கடைசிவரை ஓட்டி, வாழ்த்துச் சொல்லி, நீ விட்டுவைத்த மிச்ச இடத்தில் குடியேறிவிட்டது. மேஜையில் பாதி அண்ணிக்கு, பாதி கம்ப்யூட்டருக்கு. எனவே மேலே கேட்ட சம்மதம் தேவையில்லை, எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். உன் பாகம் எந்த எல்லையில் நிற்கிறதோ அந்த எல்லையிலேயே, மீறலோடு அப்படியே ஏற்கப்பட்டு, வரன்முறைப்படுத்தப்படுகிறது. என் கையால் இப்படி ஒன்று ஒப்புதலாவது இதுவே முதல் தடவை. உன் பாகத்தை நான் இன்னும் திறக்கவில்லை. நீ வந்து திற, சாப்பிடக் கூப்பிடும் அம்மாவையும் டம்ளரைத் தேடும் அப்பாவையும் அண்ணியும் கேட்க வேண்டும் என்கிறாள். வந்த இடத்தில் மறுபடியும் செய்தி வாசிக்கத் தோன்றி, இடம் போதாமல் எல்லையை நீட்டுவதாக இருந்தால், தயவுசெய்து முன்கூட்டிச் சொல். லினக்ஸை நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.